சைனாடவுனை அளந்த சிம்ப்சன்

சிங்கப்பூரில் சீனர் செறிந்து வாழ்ந்த சைனாடவுனின் நடுவே தமிழர் கோயில் ஒன்று நிற்பதைக் கண்டு வியவாதார் சிலரே. சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலே அது. 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை மரத்தாலும் அத்தாப்பாலும் எழுப்பிய சிறு கோயில், பின்னர்ச் செங்கற் கோயிலாக வளர்ந்தது. கோயிலுக்கு முதலில் ஒதுக்கப்பட்ட நிலம் தெலுக் ஆயர் சாலையில் இருந்தது. பூசைக்கு வேண்டிய நன்னீர் அங்கே எளிதில் கிடைக்கவில்லை; ஆகவே இடம் மாறிற்று. நன்னீர்த் தட்டுப்பாடு அம்மன் கோயிலுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சைனாடவுனின் மலாய்ப் பெயரே கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி. ஆன் சியாங் குன்றடிக் கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில் நீர் கொண்டுவந்து விற்ற காலத்துப் பெயர் அது. ஓர் ஊரின் பெயரிலேயே அதன் குறை எழுதப்பட்டிருக்கிறது என்று என் மாணவர்க்குச் சொல்வதுண்டு.

அம்மையும் வெப்பு நோயும் வந்தால் மாரியம்மனை வேண்டுவது நம் முன்னோர் வழக்கம். அக்கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த தெருக்களில், 1906ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில மருத்துவ அறிஞர் வேறொரு வழியில் நோயின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் பெயர் வில்லியம் ஜான் ரிச்சி சிம்ப்சன். பேச்சுக்கு ஆங்கிலர் என்றேன். உண்மையில் அபர்தீனில் மருத்துவம் பயின்ற ஸ்காத்லாந்தியர். 1907இல் வெளியான அவருடைய அறிக்கை, சிங்கப்பூரின் சுகாதார நிலையைப் பற்றியது. அவ்வறிக்கையையும், அதே மனிதர் பின்னாளில் ஆப்பிரிக்காவில் எழுதிய மற்றோர் அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று நம்மவர்க்கு நன்மையாயிற்று, மற்றொன்று தீங்காயிற்று. இரண்டையும் எழுதிய கை ஒன்றே.

கல்கத்தாவில் தொடங்கிய கல்வி

சிம்ப்சன் சிங்கப்பூருக்கு வந்தபோது ஐம்பது வயதைக் கடந்தவர். 1886 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் கல்கத்தா நகராட்சியின் சுகாதார அதிகாரியாக இருந்தார். வாந்திபேதி அந்நகரின் நிலையான விருந்தாளி. நோயின் கிருமியை 1880களில் ராபர்ட் கோக் கண்டறிந்துவிட்டார் எனினும், அது குடிநீரில் வருகிறது என்பதை நகராட்சி உறுப்பினர்க்கு நம்பச் செய்வது எளிதாயிருக்கவில்லை. 1894 மார்ச்சில் சிம்ப்சனின் அழைப்பின்பேரில், வாந்திபேதித் தடுப்பூசியைக் கண்ட ஹாவ்கின் கல்கத்தா வந்தார். காட்டல் பாகான் என்ற சேரியில் குளத்து நீரில் கிருமி இருப்பது தெரிந்தது. ஏறத்தாழ இருநூறு பேர் வாழ்ந்த அவ்விடத்தில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். அதன்பின் அங்கே நோய் கண்டவர்கள் ஊசி போடாதவர்களே. ஒரே சேரி, ஒரே குளம், ஊசி போட்டவர் ஒருபுறம், போடாதவர் மறுபுறம் என்று அமைந்ததால்தான் இந்நிகழ்ச்சி அறிவியலார் கண்ணில் பெரிதாயிற்று.

இங்கிலாந்து திரும்பிய சிம்ப்சன் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சுகாதாரவியல் பேராசிரியரானார். 1898இல் காண்ட்லியுடன் சேர்ந்து வெப்பநாட்டு மருத்துவத்துக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1899இல் மான்சன் லண்டனில் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியைத் திறந்தபோது அதிலும் அவருக்குப் பங்குண்டு. கொள்ளைநோய் தோன்றிய இடத்துக்கெல்லாம் பிரிட்டிஷ் அரசு அவரை அனுப்பத் தொடங்கிற்று. 1901இல் கேப் டவுன், 1902இல் ஹாங்காங், 1908இல் பொற்கரை நாட்டின் அக்ரா. இடையில் சிங்கப்பூர்.

பிளேக் என்னும் கொள்ளைநோயைப் பற்றி 1905இல் அவர் ஒரு பெருநூல் எழுதினார். அந்நோயின் கிருமியை 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்டார். எலியின் உடலிலிருந்து மனிதனுக்கு அதனைச் சுமந்து வருவது தெள்ளுப்பூச்சி என்று 1898இல் கராச்சியில் சிமோண்ட் காட்டினார், பலர் சிரித்தனர். சிம்ப்சனோ, பன்றி, கோழி முதலிய வீட்டு விலங்குகள் நோய்ப்பட்ட உணவைத் தின்று நோயைப் பெறும் என்று ஹாங்காங்கில் நடத்திய சோதனைகளைக் கொண்டு கருதினார். பின்னர்ப் பம்பாயில் நடந்த சோதனைகள் அதனை உறுதி செய்யவில்லை. ஆராய்ச்சியாளன் தவறுவது இயல்பே. இதனை நான் குறிப்பது, அவர் பிழை செய்யாத பெரியார் அல்லர் என்பதை முன்னரே சொல்லிவைப்பதற்காக.

முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகள்

சைனாடவுனின் கடைவீட்டைக் காணாத தமிழாசிரியர் நம்முள் இரார். முன்னே அஞ்சடி, கீழே கடை, மேலே குடியிருப்பு. முகப்பின் அகலம் இருபது அடிக்கும் குறைவு. நீளமோ நூறு அடியைத் தாண்டுவதும் உண்டு. ஒரு தெருவின் வீடுகளும் அடுத்த தெருவின் வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பக்கச் சுவர் அண்டை வீட்டானுக்கும் பொது. எனவே காற்றும் வெளிச்சமும் வருவதற்கு முன்வாயில் ஒன்று, நடுவில் ஒரு சிறு முற்றம் இருந்தால் அது ஒன்று. முற்றத்தையும் தகரத்தால் மூடிவிட்டவர் பலர். மேல்தளத்தைப் பலகையால் தடுத்துத் தடுத்துச் சிற்றறைகளாக்கி, கூலிக்காரர், ரிக்‌ஷா இழுப்போர், கைத்தொழிலாளர் ஆகியோர்க்கு வாடகைக்கு விட்டனர். நடு அறைகளுக்குச் சன்னல் என்பதே இல்லை. நண்பகலிலும் விளக்கு வேண்டும்.

சிம்ப்சன் இதனை வெறும் சொற்களால் வருணித்து விடவில்லை. தெருத் தொகுதிகளை வரைபடமாகவும், வீடுகளைக் குறுக்குவெட்டாகவும் காட்டினார். நூறு சொற்பொழிவு செய்யாததை ஒரு வரைபடம் செய்யும் என்பதைக் கல்கத்தாவில் அவர் கற்றிருக்க வேண்டும். கட்டடமே நிலத்தை நிறைத்துக்கொண்டதும், திறந்த வெளி என்பது வெறும் கீற்றாகச் சுருங்கிப்போனதும் பார்த்தவுடன் தெரியும்.

இவ்வீடுகளில் தலைமையான கொலைஞன் காசநோய். அதன் கிருமியைக் கோக் 1882இல் கண்டார். நோயாளி இருமும்போது நுண்துளிகளாய் வெளிப்படும் அக்கிருமி, காற்றோட்டமில்லா அறையில் நெடுநேரம் மிதந்து நிற்கும். வெயில் பட்டால் விரைவில் மடியும். இருளில் நெடுநாள் கிடக்கும். பகலிற் படுப்பவனும் இரவிற் படுப்பவனும் ஒரே பலகையை மாற்றிக்கொள்ளும் அறை ஒன்றில் ஒருவன் இருமினால் போதும். கிரேத்தா ஆயரை ஒட்டிய சாகோ லேனில், நோய் முற்றியோர் இறுதி நாட்களைக் கழிக்கும் 'மரண வீடுகள்' தனியே இருந்தன. வாடகை அறையில் சாவு நேர்ந்தால் வீட்டுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். அறையில் சாவதற்கே இடமில்லை என்பது மற்றொரு காரணம். 1961இல்தான் அவை தடை செய்யப்பட்டன.

இன்னொன்றும் உண்டு. வீடுகள் முதுகு ஒட்டியிருந்தமையால் பின்வழி இல்லை. ஆகவே மலக்கூடையை, அடுக்களையைக் கடந்து, படுக்கையைக் கடந்து, கடையைக் கடந்து, முன்வாயில் வழியாகவே எடுத்துச் சென்றனர். வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் வேறு அழைப்பை எதிர்பார்க்கவில்லை.

அக்காலத்து அதிகாரிகள் பலர், ஆசியரின் பழக்கவழக்கமே நோய்க்குக் காரணம் என்று கூறி அமைந்தனர். சிம்ப்சன் அறிக்கையின் பளு வீட்டின் அமைப்பின்மேல் விழுந்தது. சன்னல் இல்லாத அறையில் வாழ்பவனிடம் சன்னலைத் திறந்து வை என்று சொல்வதில் பயனில்லை. முதுகு ஒட்டிய வரிசைகளுக்கு நடுவே பின்சந்து வெட்டுக. வீட்டுக்கு வீடு திறந்த வெளி விடுக. கூடை முறையை நீக்கிக் கழிவுநீர்க் குழாய் அமைக்க. இவற்றை நடத்த ஒரு நகரச் சீரமைப்புக் கழகம் காண்க. இவையே அவர் பரிந்துரைகளின் சாரம். 1896இன் பிளேக்குக்குப் பிறகு பம்பாய் 1898இல் அத்தகைய கழகத்தை அமைத்திருந்தது.

சிங்கப்பூரோ இருபது ஆண்டுகள் காத்தது. பின்சந்துக்காக இடிக்கப்படும் அடுக்களைக்கு ஈடு யார் தருவது என்று வழக்கு. 1918இல் மற்றொரு வீட்டுவசதி விசாரணைக் குழு. 1927இல்தான் சிங்கப்பூர்ச் சீரமைப்புக் கழகம் பிறந்தது. அதுவும் முதலில் இடிக்கும் வேலையில்தான் கைவைத்தது. தியோங் பாருவில் அதன் அடுக்குமாடிகள் எழத் தொடங்கியது 1936இல். பின்சந்து வெட்டியதால் அறை இழந்த ஏழை எங்கே போனான்? அடுத்த தெருவின் சிற்றறையில் எட்டாமவனாய், ஒன்பதாமவனாய்ப் புகுந்தான். 1950களின் நடுவில் பேரிங்டன் கே என்பவர் அப்பர் நான்கின் தெருவை வீடு வீடாக ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட நூலைக் காண்க. சிம்ப்சன் கண்ட சிற்றறைகள் அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவ்வாறே இருந்தன. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றி, மக்களைப் பெருந்தொகையாகப் புதுமனைகளுக்குக் கொண்டுசென்ற பின்னரே சைனாடவுன் மூச்சு விட்டது. கடைசி மலக்கூடை ஓய்ந்தது 1987இல்.

வீடே எல்லாம் என்று கொள்வதும் தவறு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர்க்கு மருத்துவமனையிலும், மற்றவர்க்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலும் ஒரே மருந்துகளைக் கொடுத்தனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் இருந்தவரின் குடும்பத்தார்க்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தை மாற்றிற்று. சிம்ப்சன் காலத்தில் அத்தகைய மருந்து இல்லை. அவர் கையில் இருந்தவை காற்றும் வெயிலுமே.

முந்நூறு கெஜ இடைவெளி

சைனாடவுனில் சுவரைக் குற்றவாளியாகக் கண்ட சிம்ப்சன், 1913-14இல் கிழக்காப்பிரிக்காவுக்கும் உகாண்டாவுக்கும் சான்சிபாருக்கும் சென்றார். அங்கே அவர் பரிந்துரைத்தது வேறு. நகரத்தை இனவாரியாகப் பிரிக்க வேண்டும். ஐரோப்பியர் பகுதிக்கும் ஆசியர், ஆப்பிரிக்கர் பகுதிகளுக்கும் நடுவே குறைந்தது முந்நூறு கெஜம் வெறும் நிலம் விடவேண்டும் என்றார்.

இதற்கு அறிவியல் சான்று இல்லாமல் இல்லை என்று அவர் தரப்பினர் கூறினர். அதனையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். 1897 ஆகஸ்டில் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ், மலேரியாவின் கிருமி அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் வளர்வதைக் கண்டார். 1900ஐ ஒட்டி மேற்காப்பிரிக்காவில் ஆராய்ந்த கிறிஸ்டபர்ஸ், ஸ்டீபன்ஸ் என்னும் இருவர், நோய் வெளியே தெரியாத ஆப்பிரிக்கக் குழந்தைகளின் இரத்தத்தில் அக்கிருமி மிகுந்திருப்பதைக் காட்டினர். கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. எனவே குழந்தைகளிடமிருந்து கொசு பறக்கும் தூரத்துக்கு அப்பால் ஐரோப்பியர் வீடு கட்டிக்கொண்டால் தப்பலாம். இது ஒரு வழிதான். ஆயின் அக்குழந்தைகளின் நிலை என்ன? அவர்களுக்கும் கொசு கடிக்கும், அவர்களும் சாவர். கணக்கில் அவர்கள் நோயாளிகளாக வரவில்லை, நோயின் பாத்திரமாக வந்தனர்.

சிம்ப்சனுக்கு இவ்வெண்ணம் நைரோபியில் புதிதாகப் பிறந்ததன்று. 1901இல் பிளேக் வந்த கேப் டவுனில் அவர் ஆலோசகர். ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கரைத் துறைமுகத்தருகே இருந்த குடியிருப்பிலிருந்து ஊருக்கு வெளியே பெயர்த்த ஏற்பாட்டுக்கு அவர் ஆதரவு இருந்தது. சைனாடவுனுக்கு முன்னும் பின்னும் இதே மனிதர் இப்படி நடந்துகொண்டார் என்பதே என்னை உறுத்துகிறது.

வேறு வழியே இல்லையா? இருந்தது, நம் அருகிலேயே இருந்தது. 1901 செப்டம்பரில் திறந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் மலேரியாவால் முடங்கியபோது, கிள்ளானில் மருத்துவராயிருந்த மால்கம் வாட்சன் யாரையும் பிரிக்கவில்லை. சதுப்பை வடித்தார், புதரை வெட்டினார், கொசு பிறக்கும் நீரை ஒழித்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901இல் 582ஆக இருந்த இறப்பு, 1902இல் 144ஆகக் குறைந்தது. பின்னர் மலைத்தோட்டங்களில் காடு வெட்டியதும், வெயில் பட்ட தெளிந்த ஓடையில் வளரும் மக்குலாட்டஸ் என்னும் கொசு பெருகி, ரப்பர் நட்ட நம் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. ஓடையை மண்ணுக்கடியில் குழாயாக்கியும், எண்ணெய் தெளித்தும் அதனையும் வாட்சன் எதிர்த்தார். சிங்கப்பூரில் 1911இல் தெலுக் பிளாங்காவில் தொடங்கிய மலேரியா ஒழிப்பு அவர் வழியைத் தழுவியதே. வடிகால் வெட்டினால் துரை வீட்டுக்கும் லயத்துக்கும் ஒருங்கே நன்மை. முந்நூறு கெஜத்துக்கு அவ்வாறு இருபுறமும் இல்லை.

கிழக்காப்பிரிக்க இந்தியர் வாளாவிருக்கவில்லை. 1902இல் பிளேக்கைச் சொல்லி நைரோபியின் இந்தியக் கடைத்தெருவைத் தீக்கிரையாக்கியதை மறவாதவர்கள் அவர்கள். ஜீவன்ஜி முதலியோர் முன்னின்ற கிழக்காப்பிரிக்க இந்தியக் காங்கிரஸ், இனப்பிரிவினையை ஆண்டுதோறும் எதிர்த்தது. 1923இல் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நகரங்களில் ஐரோப்பியரையும் ஆசியரையும் இனவாரியாகப் பிரித்துக் குடிவைக்கும் கொள்கையைக் கைவிட்டது. மேட்டுநிலங்களை மட்டும் ஐரோப்பியர்க்கே ஒதுக்கி வைத்துக்கொண்டது. அதே 1923இல் சிம்ப்சனுக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. இது தற்செயல் என்றே கொள்வோம்.

1926இல் லண்டன் பட்னியில் ராஸ் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தபோது சிம்ப்சன் அதில் சுகாதாரத் துறையின் இயக்குநர்; ஈராண்டில் வாட்சனும் அங்கே சேர்ந்தார். பிரித்து வைத்தவரும் வடித்துவிட்டவரும் ஒரு கூரையின்கீழ்ப் பணிசெய்தனர். 1931இல் சிம்ப்சன் மறைந்தார்.

எங்கள் லயத்தில்

இதனை நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் பிறந்தது ஜொகூரில் ஒரு தோட்டத்து லயத்தில். அதுவும் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசைதான். சைனாடவுன் மாடி இல்லை, அவ்வளவே. நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது லயத்தில் குடற்காய்ச்சல் கண்டது. என் தம்பி பிழைத்தான். எதிர்வீட்டுச் சிறுமி பிழைக்கவில்லை. கூட்டம் கூட்டிய ஓர் அதிகாரி, கை கழுவாத சாதி என்ற பொருள்படப் பேசினார். என் தாயார் எழுந்து, "ஐயா, நாப்பது வீட்டுக்கு ஒரு பைப்பு. அதுவும் கக்கூசுக்குப் பக்கத்துல. எதுல கழுவச் சொல்றீங்க?" என்று கேட்டார். அவர் அதனைக் குறித்துக்கொள்ளவில்லை. பின்னர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சுகாதாரப் பாடம் நடத்தும் முறையைக் கற்றபோது, நகம் வெட்டுதல், பல் துலக்குதல் என்று பாடத்திட்டம் முழுவதும் உடலளவிலே நின்றதைக் கண்டு அக்கேள்வி நினைவுக்கு வந்தது. நகம் வெட்டக் கற்பிப்பது வேண்டியதே. நானும் முப்பது ஆண்டாகக் கற்பிக்கிறேன். அதனோடு குழாய்க்கும் கழிவறைக்கும் இடையே எத்தனை அடி என்று அளந்துவரவும் என் பிள்ளைகளை அனுப்புகிறேன்.

அளவு எதன்மேல் வைக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சிங்கப்பூரில் 1960இல் இரத்தக்கசிவுடன் கூடிய டெங்கிக் காய்ச்சல் தலைகாட்டியது. 1960களின் பிற்பகுதியில் அந்நகர ஆராய்ச்சியாளர் வீடுவீடாகச் சென்று ஏடிஸ் கொசுவின் புழுக்களைத் தேடினர். அவர்கள் எண்ணியது இனத்தையன்று, பாத்திரத்தை. தண்ணீர்ச் சாடி, தொட்டி, தகரக் குவளை, பீப்பாய், இவற்றோடு எறும்பு ஏறாதிருக்க உணவு அலமாரியின் கால்களுக்குக் கீழே வைக்கும் நீர்க்கிண்ணம். அக்கிண்ணம் சீனர் வீட்டில் இருந்தது. மலாய்க்காரர் வீட்டில் இருந்தது. நம் வீட்டிலும் இருந்தது. 1968இல் நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் சட்டம் வந்தபோது, அது அக்கிண்ணத்தை எல்லார் வீட்டிலும் ஒன்றுபோலவே கவிழ்த்தது.

சென்ற பள்ளி விடுமுறையில் பாலம் கடந்து சிங்கப்பூர் சென்றிருந்தேன். அம்மனைத் தொழுதுவிட்டு, சுற்றுலாப் பயணிகள் நிறைந்த தெருக்களை விட்டு ஒரு பின்சந்துக்குள் நுழைந்தேன். கடைவீடுகளின் முதுகில் இரும்புச் சுருள் படிகள் தொங்கின. கொடியில் துணி உலர்ந்தது. கழிவுநீர்க் கால்வாய் வற்றிச் சுத்தமாய்க் கிடந்தது. சிம்ப்சன் பெயர் தாங்கிய பலகை ஒன்றும் அங்கே என் கண்ணில் படவில்லை. நண்பகல் வெயில் சந்தின் தரைவரை இறங்கியிருந்தது. உணவுக்கடைச் சிறுவன் ஒருவன் பின்கதவைத் திறந்து வைத்து, அதன் நிலைப்படியில் உட்கார்ந்து சோறு உண்டுகொண்டிருந்தான்.